சோம்பல் அல்ல, சோகை

கொளுக்கிப் புழுவும் தோட்டத்து மக்களின் இரத்தமும்

நாவலப்பிட்டியிலிருந்து புறப்படும் ரயில் இங்குருஓயா, கலபொட என்று மெல்ல மெல்ல ஏறி வட்டவளையை அடையும்போது, பெரும்பாலும் மழையும் அங்கே காத்திருக்கும். இலங்கையில் மிக அதிக மழை பெறும் இடங்களில் ஒன்று வட்டவளை. தென்மேற்குப் பருவக்காற்று வந்து மோதும் மாதங்களில் நாட்கணக்கில் வெயிலைக் காண முடியாது. அந்த நாட்களில் கொழுந்துக்குப் போகும் பெண்கள் படங்குச் சாக்கை இடுப்பில் இறுக்கிக் கட்டி, காலில் சவர்க்காரமோ உப்போ சுண்ணாம்போ தடவிக்கொள்வார்கள். அட்டைக்குப் பயந்துதான். ஆனாலும் அட்டை ஏறும். அந்தியில் லயத்துக்கு வந்து பீலிக்கரையில் கால் கழுவும்போது இரத்தம் கோடு கோடாக ஓடும். "அட்டை குடிச்சது போக மிச்சந்தான் நமக்கு" என்று அவர்கள் சிரித்துக்கொள்வார்கள்.

கண்ணுக்குத் தெரியும் அட்டை சில துளி இரத்தத்தைக் குடித்துவிட்டுத் தானாகவே விழுந்துவிடும். கண்ணுக்குத் தெரியாமல், குடலுக்குள்ளே பற்றிக்கொண்டு, ஆண்டுக்கணக்கில் இரத்தம் குடிக்கும் இன்னோர் அட்டை உண்டு. அதைப் பற்றி நான் அறிந்துகொண்ட கதை எனக்குப் பெருமை தருவதல்ல. ஆயினும் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

குருப்பட்டம் பெற்ற புதிதில் வட்டவளைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பெண்களுக்காக ஒரு சேமிப்புச் சங்கம் தொடங்கினோம். மாலை ஆறு மணிக்குப் பிள்ளைக் காம்பராவில் கூட்டம் நடக்கும். அங்கே வருகிற ஒரு பெண், முப்பது வயது இருக்கும், கூட்டம் தொடங்கிப் பத்து நிமிடத்தில் சுவரில் சாய்ந்து கண்ணயர்ந்துவிடுவார். மூன்று பிள்ளைகளின் தாய்; நான்காவதைச் சுமந்துகொண்டிருந்தார். மூன்றாவது கூட்டத்திலும் அவர் தூங்கியபோது எனக்குப் பொறுக்கவில்லை. "முன்னேற வேண்டுமென்ற எண்ணம் இருந்தால் இப்படித் தூக்கம் வருமா அம்மா?" என்று எல்லாருக்கும் முன்னால் கேட்டுவிட்டேன்.

அவர் பதறி எழுந்தார். "மன்னிச்சிக்கங்க சாமி. தூங்கணும்னு தூங்கல. உக்காந்தாலே கண்ண இருட்டிக்கிட்டு வருது. மலையிலயும் இப்பிடித்தான். கங்காணி அய்யாவும் சோம்பேறின்னுதான் ஏசுறாரு" என்றார். மற்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

இரண்டு வாரத்தில் அவர் மலையிலேயே மயங்கி விழுந்தார். கொழுந்து லொறியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். நான் பார்க்கப் போனபோது அங்கிருந்த டொக்டர் அவருடைய கீழ் இமையை விலக்கிக் காட்டினார். சிவந்திருக்க வேண்டிய இடம் காகிதம் போல வெளுத்திருந்தது. கர்ப்பிணி ஒருவருக்குக் குறைந்தது 11 கிராம் இருக்க வேண்டிய ஹீமோகுளோபின் அவருக்கு ஆறைக்கூட எட்டவில்லை. மலப் பரிசோதனையில் கொளுக்கிப் புழுவின் முட்டைகள் நிறையக் காணப்பட்டன. "இந்த அளவு இரத்தத்தோடு இவர் இத்தனை நாள் மலை ஏறிக் கொழுந்து எடுத்ததுதான் ஆச்சரியம், பாதர்" என்றார் டொக்டர்.

நான் சோம்பல் என்று கண்டது சோகை. அன்று தொடங்கி இந்தப் புழுவைப் பற்றித் தேடி அறிந்தவற்றையும் தோட்டங்களில் கண்டவற்றையும் வாசகர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

யார் இந்தப் புழு?

கொளுக்கிப் புழு, கொக்கிப் புழு என்று இரண்டு பெயராலும் சொல்வார்கள். முழுதாக வளர்ந்த புழு ஏறக்குறைய ஒரு சென்ரிமீற்றர் நீளம். தையல் நூல் அளவு தடிப்பு. தலைப்பக்கம் கொளுக்கி போலச் சற்று வளைந்திருக்கும். மனிதரைப் பிடிப்பவை முக்கியமாக இரண்டு இனங்கள். ஒன்றின் பெயர் நெகேற்றர் அமெரிக்கானஸ். நமது நாட்டில் அதிகம் காணப்படுவது அதுவே. மற்றது அன்கைலொஸ்ரோமா டுவோடினேல். முன்னது வாயிலுள்ள வெட்டுத் தகடுகளாலும், பின்னது பற்களாலும் சிறுகுடலின் உட்சுவரைக் கவ்விப் பிடித்து இரத்தம் குடிக்கும்.

நாய், பூனைகளைப் பிடிக்கும் மூன்றாவது இனம் ஒன்றும் மனிதருக்குத் தொற்றும். 1911ஆம் ஆண்டில் இலங்கையில் பிடிபட்ட புனுகுப் பூனை ஒன்றின் குடலிலிருந்து அது முதன்முதலில் விவரிக்கப்பட்டது. ஆகவே 'சிலோன்' என்ற எம் நாட்டுப் பெயரையே அது தன் விஞ்ஞானப் பெயரில் சுமந்துகொண்டிருக்கிறது.

பெண் புழு ஒன்று நாளொன்றுக்கு ஆயிரக்கணக்கில் முட்டையிடும். முட்டைகள் மலத்தோடு வெளியே வரும். அந்த மலம் ஈரமும் நிழலும் இளஞ்சூடும் உள்ள மண்ணில் விழுந்தால் ஓரிரு நாளில் முட்டை பொரிக்கும். ஐந்து முதல் பத்து நாட்களுக்குள், தோலைத் துளைக்கக்கூடிய நுண்ணிய குடம்பியாக அது மாறிவிடும். நல்ல ஈரமண்ணில் அக்குடம்பி மூன்று நான்கு வாரங்கள் உயிரோடு காத்திருக்கும். வெறுங்கால் ஒன்று பட்டதும் விரல் இடுக்கின் மெல்லிய தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். அந்த இடத்தில் அரிப்பும் சிறு கொப்புளங்களும் உண்டாகும். நம்மவர்கள் இதைச் சேற்றுக்கடி என்று நினைத்து மஞ்சள் பூசிவிட்டு இருந்துவிடுவார்கள்.

உள்ளே போன குடம்பி இரத்தக் குழாய் வழியாக நுரையீரலுக்குப் போகும். அங்கிருந்து மூச்சுக்குழாயில் ஏறித் தொண்டைக்கு வரும். எச்சிலோடு விழுங்கப்பட்டுக் குடலை அடையும். பாதத்தில் நுழைந்து பல வாரங்கள் சென்றபின் முட்டையிடத் தொடங்கும். சாதாரணமாக ஓரிரு ஆண்டுகளும், சில வேளை அதற்கு மேலும் குடலில் வாழும்.

காலால் நுழைந்து குடலில் குடியிருக்கும் இந்த விசித்திர வழியைக் கண்டுபிடித்தவர் எகிப்தில் பணியாற்றிய ஜேர்மன் அறிஞர் ஆர்தர் லூஸ். 1898ஆம் ஆண்டில் குடம்பிகள் கலந்த நீர் தற்செயலாக அவர் கையில் சிந்திற்று. கை சிவந்து அரித்தது. சில வாரங்களில் அவருடைய மலத்திலேயே முட்டைகள் தோன்றின. மேலே சொன்ன இலங்கைப் புழுவை விவரித்தவரும் இவரே.

செக்ரோல் கணக்கு

ஒரு புழு எவ்வளவு இரத்தம் குடித்துவிடப் போகிறது என்று கேட்கலாம். நெகேற்றர் புழு ஒன்றால் நாளொன்றுக்கு ஏறக்குறைய 0.03 மில்லிலீற்றர் இரத்தம் இழக்கப்படுகிறது. ஒரு துளிகூட இல்லை. ஆனால் ஒருவருடைய குடலில் நூறு புழுக்கள் இருந்தால் நாளுக்கு 3 மில்லிலீற்றர், மாதத்துக்கு 90, ஆண்டுக்கு ஒரு லீற்றருக்கு மேல். மெலிந்த பெண் ஒருவரின் உடலில் ஓடும் மொத்த இரத்தமே ஏறக்குறைய மூன்று லீற்றர்தான். மற்ற இனமான அன்கைலொஸ்ரோமா இதைப்போல் ஐந்து மடங்குக்கும் மேலாக இரத்தம் போக்கும்.

இரத்தம் போனால் உடல் புதிதாக ஊற வைக்கும். அதற்கு இரும்புச்சத்து வேண்டும். ஒரு மில்லிலீற்றர் நல்ல இரத்தத்தில் ஏறக்குறைய அரை மில்லிகிராம் இரும்பு உண்டு. குடலில் சிந்திய இரத்தத்திலிருந்து ஒரு பகுதி இரும்பை உடல் திரும்ப எடுத்துக்கொள்ளும். மீதி மலத்தோடு போய்விடும். கோதுமை மா ரொட்டியும் சம்பலும், சோறும் ஒரு கறியும் சாப்பிடும் பெண்ணின் உடலில் நாளொன்றுக்குச் சேரும் இரும்பு ஒன்று அல்லது இரண்டு மில்லிகிராம் மாத்திரமே.

தோட்டத்து மக்களுக்கு இந்தக் கணக்கை விளக்க நான் அதிகம் பாடுபட வேண்டியதில்லை. மாதம் முழுக்கப் பேர் விழுந்திருக்கும். சம்பள நாளில் செக்ரோலைப் பார்த்தால் முற்பணம், அரிசி, மா, கோயில் காசு என்று எல்லாம் கழிபட்டு, கைக்கு வருவது கொஞ்சமாக இருக்கும். உடலிலும் அப்படித்தான். வருவது சிறிது, புழுவுக்குக் கழிபடுவது அதற்குச் சமம். இதற்கு மேல் மாதவிடாய், கர்ப்பம், பால் கொடுத்தல் என்று பெண்ணின் கணக்கில் வேறு கழிவுகளும் உண்டு. ஒரு கர்ப்ப காலம் முழுவதற்கும் ஏறக்குறைய ஒரு கிராம், அதாவது 1000 மில்லிகிராம் இரும்பு தேவைப்படுகிறது. கையிருப்பு எதுவும் இல்லாத உடல் அதை எங்கிருந்து கொடுக்கும்?

இதனால்தான் ஒரே அளவு புழு, நன்றாகச் சாப்பிடும் ஒருவரை ஒன்றும் செய்யாமல் விடுகிறது. ஏழைத் தாயை மயங்கி விழச் செய்கிறது.

உடலில் தெரியும் அடையாளங்கள்

நோய் மெதுவாக வளர்வதால் நோயாளி அதற்குப் பழகிப்போகிறார். அதுவே இதன் பெரிய ஆபத்து. காய்ச்சல் என்றால் டிஸ்பென்சரிக்குப் போவோம். "அசதியா இருக்கு" என்று யார் மருந்துக்குப் போவார்? எனவே பின்வரும் அடையாளங்களைக் குடும்பத்தில் உள்ளவர்கள் கவனிக்க வேண்டும்.

கீழ் இமையின் உட்பக்கம், நாக்கு, உள்ளங்கை வெளுத்திருத்தல். மலை ஏறும்போது மூச்சு வாங்குதல், நெஞ்சு படபடத்தல். உட்கார்ந்து எழும்போது கண் இருட்டுதல். நகம் மெலிந்து கரண்டி போலக் குழிந்துவிடுதல். மேல் வயிற்றில் வலி, பசியின்மை. நோய் முற்றினால் முகமும் பாதங்களும் வீங்குதல். மண், சாம்பல், பச்சரிசி, அடுப்புக்கட்டி மண் ஆகியவற்றைத் தின்ன ஆசைப்படுதல். மண் தின்னும் பிள்ளையை அடிப்பவர்கள் உண்டு. அடிக்கு முன்னால் அப்பிள்ளையின் இமையை விலக்கிப் பார்ப்பது நல்லது.

பிள்ளைகளில் நிலைமை இன்னும் கவலைக்குரியது. இரும்பு குறைந்த பிள்ளை உயரமும் எடையும் குறைந்து வளரும். வகுப்பில் இருக்கும், ஆனால் மனம் பாடத்தில் நில்லாது. ஆசிரியர் மந்தம் என்பார். தாய் தகப்பனும் அதை நம்பிவிடுவார்கள். பத்து வயதில் 'மக்கு' என்று பெயர் எடுத்த பிள்ளை, பிறகு பெயர் பதியப் போகும் இடமும் அதே தேயிலை மலையாக இருந்துவிடுகிறது.

கர்ப்பிணிகளில் கடுஞ்சோகை எடை குறைந்த குழந்தைக்கும் குறைப்பிரசவத்துக்கும் வழி செய்கிறது. பிரசவ நேரத்தில் சற்று அதிகமாக இரத்தம் போனாலும் தாயின் உயிருக்கே ஆபத்தாகிறது. மற்றவர்கள் தாங்கிக்கொள்ளக்கூடிய இரத்தப்போக்கை இவர்களால் தாங்க முடியாது.

ஒன்றைச் சொல்லிவைக்க வேண்டும். எல்லாச் சோகையும் கொளுக்கிப் புழுவால் வருவதல்ல. உணவுக் குறைவு, அடுத்தடுத்த பிரசவம், அதிக மாதவிடாய், பரம்பரை இரத்த நோய்கள் என்று வேறு காரணங்களும் உண்டு. எனவே பரிசோதனையே முதற்படி.

'சோம்பல் கிருமி' என்ற பழைய பழி

உழைப்பாளியின் சோகையைச் சோம்பல் என்று பெயரிட்ட பழக்கம் நமது தோட்டங்களோடு மட்டும் நின்றதல்ல. 1880ஆம் ஆண்டளவில் சுவிற்சர்லாந்தின் சென் கொதார்ட் மலையைக் குடைந்து ரயில் சுரங்கம் அமைத்த தொழிலாளர்கள் நூற்றுக்கணக்கில் வெளுத்து மெலிந்து விழுந்தார்கள். ஈரமும் வெப்பமும் நிறைந்த சுரங்கத்துக்குள் மலகூட வசதியின்றி வேலை செய்தவர்கள் அவர்கள். காரணம் இந்தப் புழுவே என்று இத்தாலிய மருத்துவர்கள் நிறுவினார்கள்.

அமெரிக்காவின் தென் மாநிலங்களில் வாழ்ந்த ஏழை விவசாயிகளைச் சோம்பேறிகள் என்று நாடே பரிகசித்துவந்தது. 1902ஆம் ஆண்டில் சார்ள்ஸ் ஸ்ரைல்ஸ் என்ற விஞ்ஞானி அவர்களிடையே கொளுக்கிப் புழு பரவியிருப்பதை எடுத்துக்காட்டினார். பத்திரிகைகள் அதற்கு 'சோம்பல் கிருமி' என்று பெயர் சூட்டின. 1909இல் றொக்பெல்லர் நிதியோடு அங்கே புழு ஒழிப்பு இயக்கம் தொடங்கிற்று. நெடுங்காலம் சென்றபின், 2007ஆம் ஆண்டில், ஹோய்ற் பிளீக்லி என்ற பொருளியல் அறிஞர் பழைய பதிவேடுகளை ஆராய்ந்து ஓர் உண்மையை வெளியிட்டார். புழு அதிகமாக இருந்த பகுதிகளில், ஒழிப்பு வேலைக்குப் பின் பிள்ளைகளின் பாடசாலை வரவும் எழுத்தறிவும் மற்றப் பகுதிகளைவிடக் கூடுதலாக உயர்ந்தன. வளர்ந்தபின் அவர்களுடைய வருமானமும் உயர்ந்தது. மக்கு என்று ஒதுக்கப்பட்ட பிள்ளைகளுக்குக் குறைவாக இருந்தது மூளை அல்ல; இரத்தம்.

இலங்கையில் நடந்தது என்ன? 1887ஆம் ஆண்டில் பிரதம சிவில் வைத்திய அதிகாரியாயிருந்த கின்சி, இந்நாட்டில் காணப்பட்ட ஒரு வெளுப்பு நோயைப் பற்றி அறிக்கை எழுதினார். அந்த அறிக்கையின் தலைப்பிலேயே அது இரத்தசோகையா, பெரிபெரியா என்ற மயக்கம் தெரிகிறது. தென்னிந்தியாவிலிருந்து வந்து கோப்பிக் காட்டிலும் தேயிலைக் காட்டிலும் உழைத்து, பெயரில்லாத அந்நோயால் மடிந்த எம் முன்னோர் எத்தனை பேர் என்பதை யார் எண்ணினார்கள்?

1916ஆம் ஆண்டில் றொக்பெல்லர் நிறுவனத்தின் சர்வதேச சுகாதாரப் பிரிவு மாத்தளைப் பகுதித் தோட்டங்களில் கொளுக்கிப் புழு ஒழிப்பைத் தொடங்கியது. சோதிக்கப்பட்ட தொழிலாளர்களில் மிகப் பெரும்பாலோரிடம் புழு இருந்தது. அன்றைய மருந்து தைமோல். முதல் நாள் பட்டினி, பேதி உப்பு, பிறகு மருந்து, மறுபடியும் பேதி. அதன்பின் வந்த கீனோபோடியம் எண்ணெய் அளவு மிஞ்சினால் உயிருக்கே உலை வைத்தது. ஆகவே மக்கள் மருந்துக்கு அஞ்சியதில் வியப்பில்லை.

ஆனால் நாம் கவனிக்க வேண்டியது வேறொன்று. தொழிலாளியின் வேலைத்திறன் கூடும் என்பதால் தோட்டத் துரைமார் மருந்துக்கு இணங்கினார்கள். மலகூடம் கட்டுவது செலவு என்பதால் அதற்கு அதே உற்சாகத்தைக் காட்டவில்லை. மருந்து குடித்தவர் மறுநாளே அதே மண்ணில் கால் வைத்தார். புழு மறுபடியும் ஏறியது. மருந்து மட்டும் போதாது, ஊரின் சுகாதாரமே மாற வேண்டும் என்ற பாடத்தின் பலனாகவே, 1926ஆம் ஆண்டில் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு உருவாயிற்று. இன்று நமக்குத் தெரிந்த சுகாதார வைத்திய அதிகாரி, பொதுச் சுகாதாரப் பரிசோதகர், குடும்பநல மருத்துவ மாது என்ற முழு அமைப்பும் அந்த வித்திலிருந்து வளர்ந்ததே. எனினும் அந்த மரத்தின் நிழல் தோட்டங்களுக்கு மிகத் தாமதமாகவே வந்து சேர்ந்தது.

நம் காலத்து எண்கள்

1992ஆம் ஆண்டில் தோட்டத்துறை முழுவதிலும் 3 முதல் 12 வயதுப் பிள்ளைகளிடமும் பிள்ளைபெறும் வயதுப் பெண்களிடமும் ஒரு கணிப்பு நடத்தப்பட்டது. மண்ணால் பரவும் குடற்புழுக்களில் ஏதேனும் ஒன்று 90 வீதத்துக்கும் மேற்பட்டோரிடம் இருந்தது. வட்டப்புழு, சாட்டைப்புழு, கொளுக்கிப் புழு ஆகிய மூன்றும் சேர்ந்த கணக்கு இது. மாத்தளை இயக்கம் தொடங்கி முக்கால் நூற்றாண்டு கழிந்த பின்னரும் இதுதான் நிலை.

அதன்பின் 1994 முதல் 2005 வரை, தோட்டப் பிள்ளைகளுக்கு ஆண்டுக்கு இரு தடவை பூச்சி மருந்து கொடுக்கப்பட்டது. அது நிறுத்தப்பட்டு நான்கு ஆண்டுகளுக்குப் பின், ஐந்து மாவட்டங்களில் 114 தோட்டப் பாடசாலைகளைச் சேர்ந்த 1890 பிள்ளைகளைச் சோதித்தார்கள். புழு இருந்தவர்கள் 29 வீதம். பெரிய முன்னேற்றந்தான். இரண்டு மாவட்டங்களில் கொளுக்கிப் புழு காணப்படவே இல்லை. 2017இல் நாடளாவிய கணிப்பில், ஆரம்ப வகுப்பு மாணவரிடையே தேசிய விகிதம் ஒரு வீதத்துக்கும் குறைவு. ஆனால் தோட்டச் சமூகங்களில் அது ஏறக்குறைய 9 வீதம். நாடு ஏறக்குறைய விடுபட்டுவிட்ட ஒரு நோயைத் தோட்டம் இன்னும் ஒன்பது மடங்கு சுமக்கிறது.

கர்ப்பிணிகளைப் பற்றி இரண்டு ஆய்வுகள் நமக்கு முக்கியமானவை. தோட்டத்துறைத் தாய்மாரிடையே அத்துக்கோரளவும் அவரது குழுவினரும் நடத்தி 1994இல் வெளியிட்ட ஆய்வில், இரும்புக் குளிசையோடு பூச்சி மருந்தும் பெற்ற தாய்மாரின் இரத்தம் இரும்புக் குளிசை மட்டும் பெற்றவர்களைவிட நன்றாகத் தேறியது. ஓட்டையை அடைக்காமல் பானையில் நீர் ஊற்றிப் பயனில்லை என்பதை விஞ்ஞானம் உறுதிப்படுத்திற்று.

கர்ப்பிணிக்குப் பூச்சி மருந்து கொடுத்தால் பிள்ளைக்குத் தீங்கு வருமோ என்ற பயத்துக்கு, களனிப் பல்கலைக்கழகத்தின் நிலாந்தி டி சில்வாவும் மற்றவர்களும் 1999இல் விடை தந்தார்கள். மெபெண்டசோல் மருந்து எடுத்த 5275 தாய்மாரையும் எடுக்காத 1737 தாய்மாரையும் ஒப்பிட்டபோது, பிள்ளைகளின் பிறவிக் குறைபாடுகளில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. குழந்தை இறந்து பிறப்பதும் பிறந்தவுடன் இறப்பதும் மருந்து எடுத்தவர்களில் 1.9 வீதம், எடுக்காதவர்களில் 3.3 வீதம். ஆயினும் முதல் மூன்று மாதங்களில் இம்மருந்தைக் கொடுப்பதில்லை என்பதை மறக்கக் கூடாது.

வட்டவளை மண்ணும் வெறுங்காலும்

மேலே சொன்ன தோட்டப் பாடசாலை ஆய்வு இன்னொன்றையும் காட்டியது. தாழ்ந்த மலைகளில் புழு அதிகம். உயரம் கூடக் கூடக் குறைவு. நுவரெலியாவின் குளிர் குடம்பிகளுக்கு ஒவ்வாது. வட்டவளையோ ஏறக்குறைய 1000 மீற்றர் உயரத்தில், ஹற்றனுக்குக் கீழே, இளஞ்சூடும் ஓயாத ஈரமும் சேர்ந்த சரிவில் இருக்கிறது. தேயிலைச் செடியின் அடி எப்போதும் நிழல். குடம்பிக்கு வேண்டியதெல்லாம் அங்கே உண்டு. மலம் ஒன்றைத் தவிர. அதைக் கொடுப்பவர்கள் நாம்.

ஏன் கொடுக்கிறோம்? மலையில் காலை முதல் மாலை வரை கொழுந்து எடுக்கும் பெண்ணுக்குப் போவதற்கு அருகில் ஓர் இடமில்லை. லயத்திலிருந்து தூரத்தில் மலகூடம் இருந்தால் இரவில், மழையில், பிள்ளைகளை யார் கூட்டிப்போவார்? பல குடும்பங்கள் ஒரே மலகூடத்தைப் பாவித்தால் அதைக் கழுவுவது யார் பொறுப்பு? அடைமழையில் குழி நிரம்பி வழிந்தால் அழுக்கு லயத்துக் கான் வழியாகவே ஓடுகிறது. அந்தக் கானோரந்தான் பிள்ளைகள் விளையாடுகிறார்கள்.

செருப்புப் போடுங்கள் என்று போதிப்பது எளிது. நானும் போதித்திருக்கிறேன். ஒரு மூதாட்டி கேட்டார்: "சாமி, ஒரு நாளைக்கு இந்தச் சறுக்கு மலையில ரப்பர் செருப்போட ஏறிப் பாருங்க." நான் ஏறிப் பார்த்தேன், இரண்டாவது நிரையிலேயே வழுக்கி விழுந்தேன். பிடிப்புள்ள மூடிய சப்பாத்து வேண்டும். அது வேலைக்கான உபகரணம். கத்தியும் கூடையும் போல அதையும் கேட்கலாம். ஆயினும் மண்ணில் மலம் விழாதிருந்தால் வெறுங்காலுக்கும் ஆபத்தில்லை. எனவே செருப்பைவிட மலகூடமே முதன்மையானது. செருப்பு ஒருவரைக் காக்கும். மலகூடம் லயத்தையே காக்கும்.

நாம் செய்யக்கூடியவை

1. மலகூடம் இருக்கிற இடத்தில் அதையே பாவிப்போம். கைக்குழந்தையின் மலத்தால் தீங்கில்லை என்ற எண்ணம் தவறு. அதையும் கானில் போடாமல் மலகூடத்தில் கொட்ட வேண்டும். மலகூடம் இல்லாத, அல்லது நிரம்பி வழியும் லயங்களைக் கணக்கெடுத்து, சங்கத்தின் பேரில் எழுத்தில் தோட்ட நிர்வாகத்துக்கும் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கும் கொடுப்போம். வாயால் சொன்னது மறக்கப்படும். எழுதிக் கொடுத்ததற்குப் பதில் கேட்கலாம்.

2. மலக்குழிக் கழிவை மரக்கறித் தோட்டத்துக்கு உரமாகப் போடக் கூடாது. தோட்டம் கொத்தும்போது கையிலும் மண் படாமல் பார்த்துக்கொள்வது நல்லது. குடம்பி கைத்தோலையும் துளைக்கும். வீட்டு நாய்க்கும் பூச்சி மருந்து கொடுப்போம்.

3. பூச்சி மருந்தை வைத்தியரின் ஆலோசனைப்படி எடுப்போம். கொளுக்கிப் புழுவுக்கு ஒரே தடவை கொடுக்கும் மருந்துகளில், மெபெண்டசோலைவிட அல்பெண்டசோல் நன்றாக வேலை செய்கிறது. எனவே "போன வருசம் குடிச்சாச்சு" என்று இருந்துவிடாமல், அசதி தொடர்ந்தால் மறுபடியும் சோதித்துக்கொள்ள வேண்டும். கர்ப்பிணிகள் முதல் மூன்று மாதம் கடந்தபின் கிளினிக்கில் கேட்டுப் பெறலாம்.

4. மருந்து புழுவை வெளியேற்றும். போன இரத்தத்தைத் திருப்பித் தராது. அதற்கு இரும்புக் குளிசை மாதக்கணக்கில் எடுக்க வேண்டும். மலம் கறுப்பாகப் போவதைக் கண்டு பலர் பயந்து நிறுத்திவிடுகிறார்கள். அது குளிசையின் நிறமே. வயிற்றைப் புரட்டினால் மிஸ்ஸியிடம் சொல்லுங்கள். குளிசையைக் கூரைச் செருகில் ஒளித்துவைக்காதீர்கள்.

5. நமது கைகளால் பறித்த தேயிலையே நமது இரத்தத்துக்குத் தடையாவதை அறிந்துகொள்வோம். சாப்பாட்டோடும் இரும்புக் குளிசையோடும் தேத்தண்ணி குடித்தால், சாயம் இரும்பை உடலில் சேரவிடாது. ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். அதற்குப் பதிலாகத் தேசிக்காய்த் தண்ணீரோ, கொய்யாவோ, நெல்லிக்காயோ எடுத்தால் இரும்பு நன்றாகச் சேரும். கீரை, பயறு, கடலை ஆகியவற்றோடு நெத்தலிக் கருவாடு, முட்டை, ஈரல் என்று முடிந்ததைச் சேர்ப்போம். வீட்டில் எல்லாரும் சாப்பிட்டபின் மிச்சத்தைத் தாய் சாப்பிடும் வழக்கம் மாற வேண்டும். அது ஆண்கள் மாற்ற வேண்டிய வழக்கம்.

முடிவாக

அந்தப் பெண்ணுக்கு இரத்தம் ஏற்றினார்கள். பூச்சி மருந்தும் இரும்புக் குளிசையும் கொடுத்தார்கள். சற்று முன்கூட்டியே, சிறியதாக ஒரு பெண் குழந்தை பிறந்தது, பிழைத்துக்கொண்டது. ஆறு மாதத்துக்குப் பின் அவர் சங்கக் கூட்டத்துக்கு வந்தார். கன்னத்தில் நிறம் ஏறியிருந்தது. கூட்டம் முடியும்வரை தூங்கவில்லை. அன்று நான் எல்லாருக்கும் முன்னால் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன்.

அவர் வெட்கப்பட்டுச் சிரித்தார். "அத விடுங்க சாமி. இப்ப முழுப் பேர் விழுகுது" என்றார். பின்பு, "ஆனா எங்க லயத்துக் கக்கூசு இன்னும் வழியுது. அதுக்கு ஒரு கடிதாசி எழுதணும்" என்றார்.

அந்தக் கடிதத்தை அன்றிரவே எழுதினோம். முதற் கையெழுத்து அவருடையது. அரைப் பேரோடு திரும்பி வரும் பெண்ணையும், வகுப்பில் தலை சாயும் பிள்ளையையும் இனிக் காணும்போது, ஏசுவதற்கு முன் அவர்களுடைய கீழ் இமையை ஒரு தரம் விலக்கிப் பார்ப்போம்.